பழைய பேப்பர் கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

தண்ணீர் வடிந்து பத்து நாளாகிறது. எங்கள் வகுப்பறையில் கரும்பலகைக்குக் கீழே சேற்றுக்கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இதைப் படிக்கிறவர்கள் அதே தண்ணீரில் நின்றவர்கள்தான்.

படகோடு வந்த மீனவர்கள், சேறு வாரிய தூய்மைப் பணியாளர்கள், பம்ப் கொடுத்த பக்கத்துத் தெருக்காரர், பெஞ்சைக் கழுவித் தந்த பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்கள், பழைய மாணவர்கள்... உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. நேரில் வந்து பார்க்கிறேன்.

பெயர் போட வேண்டாம் என்று ஒருவர் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

நனைந்த புத்தகங்களை மூட்டை கட்டி அவரிடம் எடைக்குப் போட்டோம். அந்த அவசரத்தில் பசுமைப் படை (பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம்) பிள்ளைகள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பார்த்து எழுதி, வரைந்த மூன்று நோட்டுகளும் போய்விட்டன. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பள்ளிக்கரணைக்குக் கிடைத்த 2022இல் தொடங்கியவை. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991லேயே உத்தரவிட்டது. என்னிடம் அது வாரத்துக்கு ஒரு பீரியடாக வந்து சேர்ந்தது. அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார். அந்த ஒரு பீரியடில் சேர்த்ததுதான் மூன்று நோட்டும். சதுப்புநிலத் தண்ணீரின் ஆழத்தைப் பிள்ளைகள் நெடுங்கால் உள்ளான் என்ற பறவையின் காலை வைத்தே அளப்பார்கள்: 'இன்று முட்டி வரை', 'இன்று வயிறு நனைகிறது'.

நான்காம் நாள் அண்ணன் பள்ளி வாசலில் நின்றார், கையில் மஞ்சள் பை. உள்ளே மூன்று நோட்டுகள். தாளுக்குத் தாள் நடுவே செய்தித்தாள் வைத்து, காலையும் மாலையும் மாற்றி, மேலே செங்கல் ஏற்றிக் காயவைத்திருக்கிறார். அவர் கடைக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர். சரக்கில் பாதி கூழாகிப் போயிருந்தது. "படம் போட்டிருந்துச்சு டீச்சர். இதப் போய் எடைக்குப் போடுவாங்களா?" என்றார். காசு நீட்டினேன். முறைத்தார்.

பால்பாயின்ட் எழுத்தும் பென்சிலும் அழியாமல் நின்றுவிட்டன. ஸ்கெட்ச் பேனா ஓடி, பூநாரைப் பக்கம் முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. எனக்கென்னவோ முன்பைவிட இப்போதுதான் அழகாகத் தெரிகிறது.

பிள்ளைகள் வரைந்த வரைபடத்தில் விரல் வைத்து, சதுப்புநிலத்துத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அண்ணன் கேட்டார். ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், அப்புறம் கடல் என்றேன். "அப்ப நம்ம தெருவுக்கு ஏன் வந்துச்சு?"

பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு மதிப்பெண் விடை உண்டு. அவர் முகத்தைப் பார்த்து அதை ஒப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் தின்றதுபோக மிஞ்சிய சதுப்புநிலத்தைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத அப்படியே பசங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் அண்ணா. இனி அந்த பீரியடை யாருக்கும் கடன் கொடுக்கமாட்டேன்.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் பிள்ளைகளோடு போகிறோம். கடைக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளத்தில் தப்பியது ஒரே ஒரு பைனாகுலர். முதலில் அவர் பார்க்கட்டும் என்று பிள்ளைகள் இப்போதே முடிவு செய்துவிட்டார்கள்.