மீட்புப் பணிக்குப் போகப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

பெங்களூரில் உன் பயிற்சி முடியும் தறுவாயில் இருப்பதாக அக்கா சொன்னாள். ராணுவத்தின் பொறியாளர் படையான அதே மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். உனக்குப் போர் வருமோ வராதோ, வெள்ளமும் நிலச்சரிவும் நிச்சயம் வரும்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்தன. நம் ஆட்கள் அங்கே 190 அடி பெய்லி பாலம் கட்டினார்கள், அதாவது தயார் நிலையில் இருக்கும் இரும்புத் துண்டுகளைக் கோத்துக் கட்டும் பாலம். பெங்களூரிலிருந்து லாரிகளிலும், டெல்லியிலிருந்து விமானத்தில் கண்ணூர் வழியாகவும் தளவாடங்கள் வந்தன. ஆகஸ்ட் 1 மாலை பாலம் தயார். அந்தப் பணியை முன்நின்று நடத்திய மேஜர் சீதா ஷெல்கே அதன்மேல் நிற்கும் படத்தை நீயும் பார்த்திருப்பாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் அந்தப் பாலத்தின் இரும்புச் சட்டமான ஒரு பேனலை நினைத்துப் பார். 10 அடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ, தூக்குவதற்கு ஆறு பேர். இரவு, மழை, காலடியில் வழுக்கும் சேறு. ஆறு பேரும் ஒரே குரலுக்கு எழ வேண்டும், ஒரே குரலுக்கு இறக்க வேண்டும். பேனல்களை இணைக்கும் இரும்பு முளையை (பின்) அடிக்கும்போது துளைக்குள் விரல் இருக்கக் கூடாது. அந்த ஆறு பேரில் ஒருவன் முந்தைய இரவும் உறங்காதவன் என்றால் மற்ற ஐந்து பேரின் கால்களும் அவன் பிடியில் இருக்கின்றன. 24 மணி நேரம் கண் விழித்தவனின் கவனம், இரத்தத்தில் 0.10 சதவீதம் மது ஏறியவனின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். குடித்தவனைப் பேனலுக்கு அருகில் விடமாட்டோம். உறங்காதவனை மட்டும் 'சபாஷ்' என்று தட்டிக்கொடுக்கிறோம். இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. முறை வைத்து உறங்கச் சொன்னால் வீம்பு பிடிக்காமல் போய்ப் படு. களைப்பு என்றால் உன் குழுவுக்கு மேலாளான நாயக்கிடம் வாய்விட்டுச் சொல்.

பாலத்தைவிடக் கனமான வேலை ஒன்று உண்டு. வயநாட்டில் உடல்களும் உடல் பாகங்களும் சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு நிலம்பூர்ப் பக்கம் கரை ஒதுங்கின. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் எண்ணிட்டுப் புதைத்தார்கள். இந்த வேலைக்குக் கை பழகிவிடும், மனம் பழகுவது கடினம். குழந்தையின் உடலும், இறந்தவரின் சொந்தப் பொருட்களும்தான் மனத்தை அதிகம் அறுக்கும். சேற்றிலிருந்து ஒரு பள்ளிப் பை வந்தால் பதிவுக்கு வேண்டியதைப் பார்த்துவிட்டு ஒப்படைத்துவிடு. நோட்டைப் பிரித்துக் கையெழுத்தைப் படிக்காதே. படித்த கணத்தில் அது உன் தங்கையின் நோட்டாகிவிடும். முதல் நாள் இந்த வேலையில் ஏற்கெனவே பழகிய ஒருவருடன் ஜோடியாகப் போ. என்ன பார்ப்பாய், என்ன வாடை வரும் என்று போகுமுன்பே அவரிடம் கேட்டுக்கொள்.

2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது அந்நாட்டு ராணுவமான தற்காப்புப் படையினர் சுமார் ஒரு லட்சம் பேர் களமிறங்கினார்கள். அவர்கள் மீட்டெடுத்த சடலங்கள் மட்டும் ஏறத்தாழ 9,500. அங்கே அன்றன்றைய வேலை முடிந்ததும் சிறு குழுவாக உட்கார்ந்து கண்டதைப் பேச வைத்தார்கள். ஆட்களை மாற்றிப் பின்னால் அனுப்பி ஓய்வும் கொடுத்தார்கள். அழுதவனை யாரும் கோழை என்று சொல்ல முடியாதபடி, பேசுவதையே அன்றாட வேலையின் பகுதியாக்கியதுதான் அதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம் செக்‌ஷன்களிலும் பாலப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவதுபோல் இதற்கும் ஒதுக்க வேண்டும். நீ ஒருநாள் ஹவில்தார் ஆனால் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காதே. உன் பத்துப் பேரை வைத்து நீயே தொடங்கு.

அந்தச் சுனாமியில் தன் குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமலே பிறர் குடும்பத்தைத் தேடிய வீரர்களும் இருந்தார்கள். கடலூரில் நம் வீடும் கரையோரம்தான். புயல் எச்சரிக்கை வந்தால் உன் அம்மாவை யார் அழைத்துப் போவது, எங்கே தங்க வைப்பது என்று இந்த விடுமுறையிலேயே பேசி முடித்துவிடுவோம். என் வீட்டு மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். டவர் இல்லாத இடத்திலிருந்து உன் போன் வராவிட்டால் பதற வேண்டாம் என்று அக்காவிடம் நீயே சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அன்புடன்,
மாமா