எலிவேஷன் பார்த்தேன்

அன்புள்ள சேது,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. சின்னவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கட்டப்போகும் காம்ப்ளெக்ஸின் எலிவேஷனை, அதான் முகப்புப் படத்தை, 'முட்டை' முருகேசன் அனுப்பினான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தெற்குப் பார்த்த முகப்பு, முழுக்க ரிஃப்ளெக்டிவ் கிளாஸ், அதுவும் உள்வாங்கிய வளைவு! கோவிந்தன் சார் வகுப்பில் வெளிச்சத்தைக் குவிக்கும் குழி ஆடியைப் பற்றிச் சொன்னபோது நீ எங்கே போயிருந்தாய் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன்.

லண்டனில் 'வாக்கி டாக்கி' என்று ஒரு கட்டடம். அதுவும் தெற்கு முகம், அதே உள்வளைவு. 2013இல் அது குவித்த வெயிலில் தெருவில் நின்ற ஜாகுவார் காரின் பாகங்கள் உருகின. ஒரு பத்திரிகைக்காரர் நடைபாதையில் சட்டியை வைத்து முட்டையே பொரித்தார். அதே ஆர்க்கிடெக்ட் லாஸ் வேகாஸில் கட்டிய ஓட்டலிலும் நீச்சல் குளத்தருகே இதே கூத்து. இத்தனைக்கும் கார் உருகியது லண்டன் வெயிலில். நமக்கு மதுரை.

சாதாரணக் கண்ணாடி, நேராக விழும் வெளிச்சத்தில் 8 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். சாயச் சாயக் கூடும். நீ போடப்போகும் ரிஃப்ளெக்டிவ் பூச்சுக் கண்ணாடி பல மடங்கு அனுப்பும். மார்கழியில் நம் ஊர் உச்சி வெயில் சுமார் 57 டிகிரி உயரத்தில், தெற்கே நிற்கும். உன் சுவரில் பட்டு அதே சாய்வில் தெருவுக்கு இறங்கும். படத்தில் வளைவின் ஆரம் 60 அடி. குவிவது அதில் பாதி, சுவரிலிருந்து 30 அடி. அங்கே என்ன இருக்கிறது? நம் மணி அண்ணன் டீக்கடை! அவர் பாய்லருக்கு விறகே வேண்டாம்.

சிரிக்காதே சேது. அந்த நேரத்தில் எதிரே பைக்கில் வருகிறவன் கண்ணை நினைத்துப் பார். மேற்கொண்டு பாதிக்கப்பட்டவர்கள் உன் மேல் வழக்குப் போட்டால் கடை வாடகை முழுக்க வக்கீலுக்குத்தான்.

வளைவை வெளிப்பக்கமாகப் புடைக்கவிட்டால் போதும், ஒளி சிதறிவிடும். அது ஆகாதென்றால் லண்டன்காரர்கள் 2014இல் செய்தது போல் வெயில் மறைப்புப் பட்டைகள் வைக்கச் சொல். கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப் போடு. இன்ஜினியர் நம்பரை அனுப்பு, நானே பேசுகிறேன். உன்னிடம் சொன்னால் 'பார்த்துக்கலாம்டா' என்பாய்.

அன்புடன்,
ரகு