பெரிய ரிவால்வர் வாங்கப் போகும் கிள்ளான் வாசகரின் மகனுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் கிள்ளான் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் வருஷத்துக்கு நாலைந்து தடவை பொழுதுபோக்காகச் சுடப் போவானாம், அதற்கு மலிவாக ஒரு பெரிய ரிவால்வர், 44 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடுவது மாதிரி, வாங்க ஆசைப்படுகிறானாம், தனக்கு இதில் ஒன்றும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். போன வாரம் அதற்குப் பதில் எழுதிய இன்னொருவர், வாங்குவதே வாங்குகிறான், இருப்பதிலேயே பெரியதாக வாங்கட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கோப்பி இறங்கவில்லை. 28 வருஷம் இடுப்பில் 38 ரிவால்வரோடு திரிந்த போலீஸ்காரன் நான். அதுபோக, போன வருஷம் ஹியூஸ்டனில் என் மருமகனுக்கும் இதே கிறுக்குப் பிடித்து, பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் மகன் அங்கே எந்த விசாவில் இருக்கிறான் என்று கேளுங்கள் ஐயா. எச்-1பி வேலை விசா, மாணவர் விசா, சுற்றுலா விசா இவற்றில் போனவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் என்பது போலச் சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை, 21 வயது முடிந்திருந்தால் கடையில் படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். மருமகனிடம் கிரீன் கார்டு இருந்தது. என்னிடம் இருந்தது சுற்றுலா விசா. ஆக, இத்தனை வருஷம் சுட்டவன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன், அடுப்படியே தெரியாதவர் சமையல் செய்ய நான் பக்கத்தில் நின்று உப்புச் சொன்ன மாதிரி.

அங்கே சுடும் தளங்களில் துப்பாக்கியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அதை எடுத்துச் சுட்டுப் பார் என்றுதான் மகனிடம் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். மருமகன் கேட்டது நீளக் குழல் வைத்த 44 மேக்னம், ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் குதிரையை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை) பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டிய வகை. எடை ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டுக்கு மேலேயே இருக்கும். முதல் தோட்டா வெடித்ததும் குழல் கூரையைப் பார்த்தது. விசையைச் சுற்றியிருக்கும் வளையம், விசைக்காப்பு என்பார்கள், பின்பக்கம் சதுரமாக வளைந்த மாடல் அது, உதைத்த உதையில் நடுவிரல் முட்டியில் வந்து இடித்து, மேசையில் கிடந்த இலக்குத்தாள் மேல் ஒரு சொட்டு ரத்தம். "ஒண்ணும் இல்ல மாமா" என்று சிரித்தார். மாப்பிள்ளை அல்லவா, வேறு என்ன சொல்வார்.

நாலாவது தோட்டாவில் பார்க்கிறேன், வெடிப்பதற்கு முன்பே கண்ணை மூடுகிறார். எங்கள் காலத்துப் பயிற்சி சார்ஜன் ஒருவர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். சிலிண்டரில், அதாவது தோட்டா போடும் சுழல் உருளையில், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே சுட்ட காலி உறை ஒன்றைக் கலந்து போட்டு, எது எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி சுற்றிவிட்டுச் சுடச் சொல்வார். அதையே மாப்பிள்ளையைச் செய்யச் சொன்னேன். காலி உறை மேல் குதிரை விழுந்தபோது வெறும் 'டிக்' சத்தம்தான், ஆனால் குழல் மூக்கு அரை சாண் கீழே குனிந்தது. உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே அமுக்குகிறது. அவரே பார்த்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

பெட்டியில் பாதித் தோட்டா மிச்சம். அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு 357 மேக்னம் ரிவால்வர் ஒன்றை எடுத்து அதில் 38 ஸ்பெஷல் தோட்டா போட்டுச் சுட்டார். இந்த இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே, 0.357 அங்குலம், 38 என்பது வெறும் பெயர் (44 என்பதும் அளந்தால் 0.429தான், இந்தத் தொழிலில் எண்களை அப்படியே நம்பக் கூடாது). 38இன் உறை கொஞ்சம் குட்டை, அதனால் 357இல் 38 போகும், 38 ரிவால்வரில் 357 போகக் கூடாது. பத்து கஜத்தில் ஆறு ஓட்டையும் உள்ளங்கை அகலத்துக்குள். ஆள் முகமே மாறிவிட்டது.

போன வார வாசகருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். எப்போதாவது சுடுகிறவனுக்குப் பெரிய துப்பாக்கி பழகாது. மாதம் நாலு தடவை போகிறவனுக்குக் கை பழகிவிடும், வருஷத்துக்கு நாலு தடவை போகிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். 44 மேக்னத்தின் வழக்கமான குண்டு 240 கிரெய்ன், பதினைந்தரை கிராம். 38 ஸ்பெஷல் குண்டு 158 கிரெய்ன், பத்து கிராம்தான். எடை ஒன்றரை மடங்கு என்றாலும் வேகமும் கூடுவதால் மொத்த சக்தி மூன்று நாலு மடங்கு. 2003இல் வந்த 500 மேக்னம் இதற்கும் மேலே, 'இருப்பதிலேயே பெரியது' என்றால் அந்தப் பக்கம்தான் போக வேண்டும், அதைப் பற்றி எழுதவே எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது.

சரி, காசு. மலிவு மலிவு என்று எல்லோரும் துப்பாக்கி விலையையே பார்க்கிறார்கள். மருமகன் கணக்குப் போட்டார். 44 மேக்னம் 50 தோட்டாப் பெட்டி அன்று அந்தக் கடையில் 50 டாலருக்கு மேல், 38 ஸ்பெஷல் ஏறக்குறைய அதில் பாதி. ஒரு தடவைக்கு ஒரு பெட்டி, வருஷத்துக்கு ஆறு தடவை என்றால் 44க்கு 300 டாலருக்கு மேல் ஓடிவிடும். மூன்று வருஷத்தில் துப்பாக்கி விலையையே தோட்டா தின்றுவிடும். 44 ரிவால்வரில் மென்மையான 44 ஸ்பெஷல் தோட்டா போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம், 1907இலிருந்து இருக்கும் தோட்டா, உதை நன்றாகக் குறையும். ஆனால் கடையில் அது ஒன்றும் மலிவில்லை, மணிக்கட்டுத்தான் மிச்சம், பணம் மிச்சமில்லை. வீட்டிலேயே உறையில் மருந்து நிரப்பும் கருவி வைத்திருப்பவனுக்கு வேறு கணக்கு. வருஷத்துக்கு ஆறு தடவை போகிறவன் அதெல்லாம் வாங்கிப் போடுவானா?

அப்படியும் பையன் பெரிய ஓட்டைதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், என் ஓட்டு அமெரிக்க ரூகர் கம்பெனியின் பிளாக்ஹாக் 45 ரிவால்வருக்கு. அதில் கன்வெர்டிபிள் என்று ஒரு வகை உண்டு, ஒரே துப்பாக்கிக்கு இரண்டு சிலிண்டர். ஒன்றில் 1873 காலத்து 45 கோல்ட், மற்றதில் 45 ஏசிபி (தானியங்கிக் கைத்துப்பாக்கிக்குச் செய்த தோட்டா). அச்சாணியை உருவி மாற்றிப் போட ஒரு நிமிஷம் ஆகாது. 45 ஏசிபி எங்கும் கிடைக்கிற தோட்டா, 44ஐ விட மலிவு, உதை குறைவு, ஓட்டையோ 44ஐ விடப் பெரியது. பெருமை பேசவும் ஆச்சு, கையும் தப்பிச்சது. பிரேசில் நாட்டு டாரஸிலும் 44 மேக்னம் இருக்கிறது, விசையை இழுத்தாலே சுடும் வகை. சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் 44 ஸ்பெஷல், ஐந்து தோட்டா, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, விலையும் குறைவு. அது இடுப்பில் வைத்துக்கொண்டு திரிய, ஆசைக்குச் சுட அல்ல. துப்பாக்கி எடை குறையக் குறைய உதை கூடும் என்பதைக் கடைக்காரர்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால் பழையதாக, நல்ல கனமான 357 ஒன்று போதும். ரூகர் ஜிபி100, 1985இலிருந்து வருகிறது, இரும்பு அம்மிக்கல் மாதிரி. 357ஐப் பெரிய காலிபர் (குழல் விட்டம்) என்று சொன்னால் 44காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், தோட்டா வாங்கிக் கொடுக்கப் போவது அவர்கள் இல்லையே.

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியது நாலு இருக்கிறது, முதலில் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். கடைக்காரர் அனுமதியோடு குதிரையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, சிலிண்டரை விரலால் அசைத்தால் மயிரிழைதான் ஆட வேண்டும், பழைய மணிக்கூட்டுச் சாவி மாதிரி கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆறு அறையிலும் ஒவ்வொன்றாக இதைச் செய்ய வேண்டும், ஐந்தில் சரியாக நின்று ஆறாவதில் நழுவும் துப்பாக்கியை நானே பார்த்திருக்கிறேன். சிலிண்டர் முன்னும் பின்னும் நகர்கிறதா, குழலின் பின்வாயில் விரிசல் இருக்கிறதா, அதற்கு மேலே துப்பாக்கியின் சட்டகத்தில் சூட்டுக்காற்று அரித்த கோடு ஆழமாக இருக்கிறதா, இதற்கெல்லாம் ஒரு சின்ன டார்ச் போதும். இன்னொன்று, 1973க்கு முந்திய ரூகர் ஒற்றைச் செயல் ரிவால்வர் (ஒவ்வொரு தடவையும் குதிரையைக் கையால் இழுத்துச் சுடும் வகை) கிடைத்தால் அதில் ஆறு தோட்டா போடக் கூடாது. குதிரை நேராக ஊசி மேல் உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்தால் வெடிக்கலாம். ஐந்து போட்டு, குதிரைக்குக் கீழே காலி அறை வைக்க வேண்டும். அனுப்பிவைத்தால் ரூகரே இலவசமாகப் பாதுகாப்புப் பாகத்தை மாற்றித் தருகிறது. 1973க்குப் பிந்தியதில் இந்தத் தொல்லை இல்லை.

மலிவு என்று வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் பக்கம் போய்விடாதே என்றும் பையனிடம் சொல்லுங்கள். எங்கள் அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். 1948 ஜூனில் பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்று, ஆங்கில அரசு அவசரகாலம் அறிவித்த பிறகு, எங்கள் தோட்டத்துத் துரை பெரிய வெப்லி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பிரட்டுக்கே (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கே) வருவாராம். நடுவில் மடித்துத் திறந்தால் ஆறு உறையும் கொட்டும், பார்க்கவே அழகு என்பார் அப்பா. அந்த 455 வெப்லிகள் பல, போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போய், தோட்டா சுலபமாகக் கிடைக்கட்டும் என்று சிலிண்டரின் பின்பக்கத்தைச் செதுக்கி 45 ஏசிபி போகும்படி மாற்றப்பட்டவை. 455இன் அழுத்தத்துக்குச் செய்த சிலிண்டர் அது, கடையில் விற்கும் சாதாரண 45 ஏசிபி அதைவிட அதிக அழுத்தம் கொடுக்கும். போகிறது என்பதற்காகப் போட்டுச் சுட்டால் ஒருநாள் சிலிண்டர் பிளக்கும். அலமாரியில் வைத்துப் பார்க்க வாங்கினால் சரி.

சுடும்போது இரண்டு விஷயம். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி, அதன் வழியே சூடான வாயு பக்கவாட்டில் கத்தி மாதிரிப் பாயும். மருமகன் பழக்கதோஷத்தில் இடது கட்டைவிரலை அங்கே கொண்டுபோனார், "மாப்பிள்ளை, கட்டைவிரல்!" என்று நான் தோளைத் தட்டி நிறுத்தினேன். அடுத்தது காது. மூடிய தளத்தில் மேக்னம் சுடுவதென்றால் உள்ளே அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் வேண்டும். நாங்கள் அந்தக் காலத்தில் பஞ்சைத் திணித்துக்கொண்டு சுட்டோம். இப்போது ராத்திரி அமைதியானால் என் இடது காதில் சிள்வண்டு கத்துகிறது, வீட்டுக்காரி வலது பக்கம் வந்துதான் பேசுவாள்.

இதைப் படித்துவிட்டு நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாரும் கனவு காண வேண்டாம். இங்கே மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரின் லைசென்ஸ் வேண்டும், அதையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், ஆசைக்கு ஒரு ரிவால்வர் என்று போய் நின்றால் வாசலிலேயே சிரித்து அனுப்புவார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 வருஷம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பொம்மைதானே என்று இணையத்தில் வாங்கும் அசல் மாதிரித் துப்பாக்கிக்கும் வழக்கு உண்டு. கை அரித்தால் தாய்லாந்தின் புக்கெட் போனால் சுடும் தளம் இருக்கிறது, பாஸ்போர்ட்டைக் காட்டி, பக்கத்தில் ஆள் நிற்க, ஒரு பெட்டி சுட்டுவிட்டு வரலாம். முறையாகப் பழக வேண்டுமென்றால் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சங்கம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம நாட்டு வீராங்கனை நுர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டது அதில்தான்.

எங்கே சுட்டாலும், விமானம் ஏறும் முன் கால்சட்டைப் பை, தோள்பை எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிடுங்கள். ஹியூஸ்டனிலிருந்து கிளம்பும் அன்று என் வீட்டுக்காரி அதைத்தான் செய்தாள். மருமகன் நினைவுக்காக எனக்குத் தெரியாமல் போட்டுவைத்த 44 காலி உறை ஒன்று என் ஜாக்கெட்டிலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு பேரையும் நிற்க வைத்து அவள் திட்டிய திட்டு வலது காதில் மட்டுமல்ல, இடது காதிலும் நன்றாகவே கேட்டது. உறை அங்கேயே மகளின் சமையலறை ஜன்னலில் நிற்கிறது. மருமகன் இன்னும் எதுவும் வாங்கவில்லை, போன வாரம்தான் பழைய ஜிபி100 ஒன்றின் படம் அனுப்பினார், சிலிண்டர் ஆட்டத்தைக் காட்டி எடுத்து அனுப்பச் சொன்ன வீடியோவுக்காக நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போலீஸ்காரர்,
பட்டர்வொர்த், பினாங்கு