ஓடுகிற பிள்ளைக்குப் பொலிஸில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் பெண்பிள்ளைகளின் ஓட்டம் உயர்தரப் பரீட்சையோடு நின்றுவிடுகிறது. நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலத்தில் மாகாண மட்டத்தில் 800 மீற்றர் வென்ற பிள்ளை, இன்று ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தகப்பன் வாவியில் வலை வீசுகிறவர். "ரீச்சர், புள்ள ஓடினா வீட்டுக்கு ஆரு காசி தாற?" என்று தாய் கேட்டார். நியாயமான கேள்வி.

இத்தாலியில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். அந்நாட்டு அரச பொலிஸுக்கு 'ஃபியாமே ஓரோ' என்ற விளையாட்டுக் கழகம் 1954 முதல் இயங்குகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.80 செக்கனில் ஓடித் தங்கம் வென்ற மார்செல் ஜேக்கப்ஸ் அந்தக் கழகத்தவர். வாள்வீச்சில் 2000, 2004, 2008 என மூன்று ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் எடுத்த வலன்ரீனா வெஸ்ஸாலியும் அங்கிருந்து வந்தவர்தான். பதக்கங்களைவிட என் மனதைத் தொட்டது சம்பளம். போட்டித் தேர்வு மூலம் பொலிஸில் சேர்கிறார்கள். பயிற்சிதான் அவர்களின் கடமை. களத்தை விட்டு ஒதுங்கிய பிறகும் பொலிஸிலேயே வேறு பணி காத்திருக்கிறது.

நமது பொலிஸுக்கும் விளையாட்டுக் கழகம் உண்டு. றக்பி, உதைபந்தாட்டம், கிரிக்கெட் எல்லாம் ஆடுகிறார்கள். கல்லடியில் பொலிஸ் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, நகரில் வெபர் மைதானம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அந்த மைதானத்தில், தமிழில் அறிவித்து, கிழக்கின் மெய்வல்லுநர் பிள்ளைகளுக்கென்றே ஒரு தேர்வு வையுங்கள். வலயக் கல்வி அலுவலகங்கள் வழியாக உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தகவல் வந்தால் போதும், பிள்ளைகளை நாங்களே கூட்டி வருவோம்.

காக்கி என்றதும் எங்கள் வீடுகளில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். ஏனென்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, அந்தப் பயத்தை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் மகள் மட்டக்களப்பிலேயே பணியில் இருந்து, பெண் பயிற்றுநரிடம் காலையில் ஓடி, மாலையில் வீடு வந்து சேர்ந்தால் பெற்றோர் சம்மதிப்பார்கள். பல தாய்மாரோடு பேசியே இதை எழுதுகிறேன்.

தேர்வை உயர்தரப் பரீட்சைக்கு முன்பே நடத்த வேண்டும். பள்ளியை விட்டுப் போன பிள்ளை பிறகு எங்கள் கைக்கு வருவதில்லை.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கொக்கட்டிச்சோலை.