காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு வேண்டும்: தெலுக் இந்தான் வட்டார டேங்கர் லோரி முதலாளிகளுக்கும் டிஸ்பேட்ச் அறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கும், அலுவலகத்தில் உட்கார்ந்து ட்ரிப் பிரித்துக் கொடுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம்.

பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், லங்காப் பக்கத்துச் செம்பனை மில்களில் எண்ணெய் ஏற்றி ஓடும் டேங்கர் லோரிகளைப் பற்றித்தான் எழுதுகிறோம். கனரக வாகனத்துக்கான ஈ லைசென்ஸ், அதற்கு மேல் சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான ஜி.டி.எல். என்று கைக்காசைச் செலவு செய்து வரும் தோட்டத்துப் பிள்ளைகள் சில மாதத்திலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை என்று அலுவலகத்தில் பேச்சு. அவர்கள் போவதற்குக் காரணம் ட்ரிப் சீட்டிலேயே இருக்கிறது.

சீட்டில் இருப்பது மில்லின் பெயர், எண்ணெயைச் சுத்திகரிக்கும் ரிஃபைனரியின் பெயர், டன், கூலி. நேரத்துக்கு அதில் இடமே இல்லை. ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். இங்கிருந்து சபாக் பெர்ணம், சிகிஞ்சான், கோலசிலாங்கூர் வழியாகக் கிள்ளான் துறைமுகப் பக்கத்து ரிஃபைனரிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பாரத்தோடு போக மூன்று மணி நேரம், காலியாகத் திரும்ப இரண்டரை. மில் வரிசையில் ஏற்றி முடிக்க இரண்டு மணி நேரம். ரிஃபைனரியில் எடை, மாதிரி எடுத்தல், ஆய்வுக்கூட முடிவு, இறக்கும் இடத்துக்கு வரிசை, மறுபடி எடை எல்லாம் சேர்த்து நான்கரை. மொத்தம் 12 மணி நேரம். அந்த ட்ரிப்புக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 8 வெள்ளி 33 காசு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனபோது மணிக்கு வகுத்த கணக்கு 8 வெள்ளி 72 காசு. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாமல், ஒரு சம்மனும் வாங்காமல் ஓடிய நாளின் கணக்கு இது.

ட்ரிப் கூலிக்கு ஓடுபவனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பள ஆணையிலேயே டன், வேலை, ட்ரிப், கமிஷன் என்று பெயர் சொல்லி, அப்படிக் கூலி வாங்குபவரின் மாத வருமானமும் அந்தத் தொகைக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. லோரி பணிமனையில் கிடக்கும் வாரத்துக்கும், மில் மூடியிருக்கும் வாரத்துக்கும் இது சேர்த்திதான்.

திரும்பி வரும் 150 கிலோமீட்டருக்குக் கூலி அட்டவணையில் இடம் இல்லை. சமையல் எண்ணெயாகப் போகும் சரக்கு ஏற்றும் டேங்கில் வேறு சரக்கை ஏற்றிக்கொண்டு வர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே காலிப் பயணம் இந்தத் தொழிலின் பாதி. டோல் காசு மிச்சம் என்று மேற்குக் கரை விரைவுச்சாலையில் ஏற விடாமல் பழைய 5ஆம் எண் சாலையிலேயே அனுப்பும்போது, அந்த மிச்சம் டிரைவரின் நேரத்திலிருந்துதான் வருகிறது.

இப்போது எண்ணெய்க் குறைவு. புது டிரைவரை அதிகம் நோகடிப்பது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மில் எடைச்சீட்டில் 30 டன், ரிஃபைனரி சீட்டில் 29 டன் 800 கிலோ. உடனே, டிரைவர் எங்கே நிறுத்தினான், யாருக்கு விற்றான் என்று கேள்வி, மாதக் கடைசியில் சம்பளத்தில் வெட்டு. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்தால் பாதிச் சண்டை வராது.

முதலில் காலி எடையைப் பாருங்கள். மில்லில் ஏற்றுவதற்கு முன் எடுத்த காலி எடை ஒன்று, ரிஃபைனரியில் இறக்கிய பின் எடுத்தது ஒன்று. லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் ஓடும் லோரி 150 கிலோமீட்டரில் 60 லிட்டர் டீசல் எரிக்கும், அது சுமார் 50 கிலோ. எனவே ரிஃபைனரியின் காலி எடை அந்த அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். குறைவதற்குப் பதில் 150 கிலோ கூடியிருந்தால், 200 கிலோ எண்ணெய் டேங்கின் அடியில் உறைந்து கிடக்கிறது. யாரும் திருடவில்லை. மில்லிலிருந்து வரும் கச்சாச் செம்பனை எண்ணெய் 50 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதுதான் தண்ணீர் மாதிரி இறங்கும். மாலையில் ஏற்றி, ராத்திரி முழுவதும் ரிஃபைனரி வாசலில் மழையில் நின்று, காலையில் வால்வைத் திறந்தால், ஓரத்திலும் அடியிலும் நெய் மாதிரி பிடித்துக்கொள்ளும். அந்த ராத்திரி வரிசையில் நிற்க வைத்தது டிரைவர் எடுத்த முடிவு அல்ல.

காலி எடை சரியாக இருந்து பார எடையில் மட்டும் டீசலுக்கு மேல் குறைவு வந்தால், அப்போது கேள்வி கேளுங்கள். அதையும் வரிசைப்படி கேளுங்கள். மேல் மூடியிலும் கீழ் வால்விலும் போட்ட சீல் எண்கள் டி.ஓ.வில் (சரக்கோடு அனுப்பும் சீட்டில்) உள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா? வால்வு கேஸ்கெட்டில் கசிவு இருக்கிறதா? இரண்டு எடைமேடைகளுக்கும் இடையே எப்போதும் வரும் வித்தியாசம் எவ்வளவு? அதே நாள் அதே மில்லிலிருந்து போன மற்ற லோரிகளின் சீட்டைப் பார்த்தால் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஈரப்பதம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பும் லோரிக்கும் இதே கதை. கச்சா எண்ணெயில் ஈரமும் கசடும் சேர்த்து 0.25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 30 டன்னில் அது 75 கிலோ. மில்லிலிருந்தே 0.20இல் வந்த எண்ணெய் என்றால் மிச்சம் இருப்பது 15 கிலோ, அதாவது ஒரு சிறிய வாளித் தண்ணீர். மேல் மூடியின் ரப்பர் வெடித்துப்போன லோரியை மழைக்காலத்தில் அனுப்பினால் அந்த வாளி தானாக நிரம்பும். அப்படிப்பட்ட பழைய லோரியைத்தான் புதிதாக வந்தவனிடம் கொடுப்பது வழக்கம். ரப்பரை மாற்றிவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் அதன் பழியை அவன் தலையில் போடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு முதலாளி தானாகவே எதையெல்லாம் சம்பளத்தில் வெட்டலாம் என்று சொல்கிறது. எண்ணெய்க் குறைவு அந்தப் பட்டியலில் இல்லை.

டிஸ்பேட்ச் அறைக்கு ஒரு வார்த்தை. விடியற்காலை ஐந்து மணிக்கு மில் வாசலில் நிற்பவன் மத்தியானத்துக்குள் இறக்கிவிடுவான். பத்து மணிக்கு அனுப்பப்படுபவன் ராத்திரிதான் இறக்குவான், மறுநாள் காலை வரிசையும் அவனுக்குத் தவறிவிடும். பழகியவருக்கு ஐந்து மணி, புதியவனுக்குப் பத்து மணி என்று மாதம் முழுவதும் பிரித்தால், ஒரே லைசென்ஸ், ஒரே சாலை, கையில் வரும் காசு மட்டும் வேறு. முந்தைய ட்ரிப்பை யார் முதலில் முடித்து, ஓய்வும் எடுத்தாரோ அவருக்கு அடுத்தது என்று ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். நீங்கள் நியாயமாகப் பிரித்தாலும் பலகை இல்லாதவரை யாரும் நம்பப்போவதில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் “நாளை கிள்ளான்” என்று இரண்டு வார்த்தை அனுப்பினால் பழையவருக்குப் புரியும். புதியவனுக்கு எந்த மில், எத்தனை மணி, டி.ஓ. எண், ரிஃபைனரியின் எந்த வாசல், உள்ளே போகும் பாஸ் யாரிடம், டேங்க் கழுவிய சான்று லோரியில் இருக்கிறதா என்று எழுத வேண்டும். சான்று இல்லை என்று வாசலில் திருப்பினால் ஒரு நாள் போச்சு, அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

வரிசையில் போன நேரத்தைச் சாலையில் பிடித்துவிடு என்று இனி சொல்லாதீர்கள். கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் முதல் கட்டங்கட்டமாக வருகிறது. அதற்கு முன்பே, 2025 மே 13ஆம் தேதி ஜாலான் சிக்குஸ் - சுங்கை லாம்பாம் சாலையில் கல் லோரி மோதி கலகத் தடுப்புப் போலீஸார் ஒன்பது பேர் இறந்தார்கள். நம் ஊர்ச் சாலை அது, தினமும் நாம் ஓடுகிற சாலை. பாரம் ஏற்றிய லோரியை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்பதற்கு இந்த ஊரில் வேறு விளக்கம் தேவையில்லை. சட்டப்படியும் தொடர்ந்து ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு, ஒரு நாளில் மொத்தம் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. மேலே போட்ட கணக்கு அந்த எல்லையிலேயே நிற்கிறது. ரிஃபைனரியில் இன்னும் ஒரு மணி நேரம் கூடினால், அந்த டிரைவர் அங்கேயே படுத்துவிட்டுக் காலையில் வரட்டும் என்று சொல்ல வேண்டியது டிஸ்பேட்ச்தான். அவனாகக் கேட்டால் சோம்பேறி என்று பெயர் வரும்.

சம்பளச் சீட்டில் ட்ரிப் கூலியைப் ‘பயணப்படி’ என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். பயணப்படிக்கு இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) கட்ட வேண்டியதில்லை என்பதால்தான் அந்தப் பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். லோரி ஓட்டியதற்கான கூலி அது.

நாங்கள் கேட்பது, அடுத்த முறை ட்ரிப் சீட்டு அச்சடிக்கும்போது நான்கு கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள்: மில் வாசலுக்கு வந்த நேரம், மில்லை விட்ட நேரம், ரிஃபைனரிக்கு வந்த நேரம், ரிஃபைனரியை விட்ட நேரம். எடைச்சீட்டிலும் வாசல் காவலரின் புத்தகத்திலும் நேரம் பதிவாவதால் யாரும் பொய் எழுத முடியாது. ஒவ்வோர் இடத்திலும் முதல் இரண்டு மணி நேரம் ட்ரிப் கூலிக்குள் அடங்கட்டும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை பேசி முடிவு செய்வோம். அந்தச் சீட்டுகளை மூன்று மாதம் சேர்த்து வைத்தால், எந்த ரிஃபைனரி உங்கள் லோரிகளை எத்தனை மணி நேரம் கட்டிப்போடுகிறது என்று அவர்களிடமே எடுத்துக் காட்டிக் காத்திருப்புக் கட்டணம் கேட்கலாம். முதல் சீட்டுக் கட்டை நிரப்பிக் கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தெலுக் இந்தான் வட்டார டேங்கர் லோரி ஓட்டுநர்கள்