அம்மிய என்ன செய்யிறது

எடியேய், எப்பிடி இருக்கிறாய்? முழங்கால் நோ இப்ப பரவாயில்லையோ? நீ போன கிழமை அனுப்பின வொய்ஸ் மூண்டையும் கேட்டனான், பதில் சொல்லுவம் எண்டு மைக்க அமத்தினா பின்னால பிள்ளையள் சண்டை, இவர் கூப்பிடுறார், அம்மா குசினிக்குள்ள இருந்து ஏதோ கேக்கிறா, ஒண்டையும் முழுசாச் சொல்லி முடிக்கேலாமப் போச்சு. அதால தான் எல்லாரும் படுத்தாப்பிறகு இருந்து இத டைப் பண்றன். கொஞ்சம் நீட்டா வரும், ஆறுதலா வாசி.

உன்ர மூத்தவள் ஏ.எல்லுக்கு பயோ எடுத்தது எனக்குச் சரியான சந்தோசம். ஷண்முகாவில நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில இருந்து தவளை வெட்டேக்க நீ கண்ண மூடிக்கொண்டு கத்திய என்னட்டத் தந்தது ஞாபகம் வந்தது. அவள நல்லா நித்திரை கொள்ளச் சொல்லு, விடிய எழும்பிப் படிச்சாக் காணும்.

ஆஸ்திரேலியா விசா வந்தது உனக்குத் தெரியும். இப்ப டிக்கெட்டும் போட்டாச்சு, ஜனவரி முதல் கிழமை, கொழும்பில இருந்து நேர மெல்பேர்ன். அங்க பள்ளிக்கூடம் ஜனவரிக் கடைசியில தான் துடங்கும், அதுக்கு முதல் போய் இறங்கினாச் சரி. 45 வயசு வரமுதல் விசாவுக்கு அப்ளை பண்ணச் சொல்லி இன்விடேஷன் வரவேணும், தாண்டினா இந்த விசாவுக்குக் கூப்பிடவே மாட்டினம், இவருக்கு 44 நடக்கேக்க தான் வந்தது, அந்தக் கடைசி வருஷம் நாங்க ஒவ்வொரு நாளும் ஈமெயில் பாத்துப் பாத்து இருந்த இருப்பு எனக்குத் தான் தெரியும். கோணேசர் தந்தது எண்டு அம்மா சொல்றா. நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்.

ஆனா இப்ப விசாவ விடப் பெரிய வேலை வீடு தான். ஒரு வீட்ட எப்பிடி பெட்டிக்குள்ள வைக்கிறது எண்டு நான் இவ்வளவு நாளும் யோசிச்சதே இல்ல. பிளேனில கொண்டுபோற சூட்கேஸ் உடுப்புக்கும் பத்திரங்களுக்குமே சரி, மிச்சம் கப்பலில தான் போகவேணும். முழுக் கொன்டெய்னர் எங்களுக்குத் தேவையில்ல, 20 அடிக் கொன்டெய்னரே 33 கியூபிக் மீட்டர் வரும், அவ்வளவு சாமான் எங்களிட்ட எங்க? அதால மற்ற ஆக்களின்ர சாமானோட சேத்து அனுப்புற மாதிரி 4 கியூபிக் மீட்டர் எடுத்திருக்கிறம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம், அது தான் ஒரு கியூபிக் மீட்டர், நடுத்தரப் பெட்டி எண்டா ஒரு பத்து வைக்கலாம். இவர் ஹோல் நிலத்தில சோக்கால கோடு கீறி சுவரில உயரத்தையும் அடையாளம் போட்டு வச்சிருக்கிறார், நாங்க ஒவ்வொண்டாக் கொண்டுவந்து அந்தக் கோட்டுக்குள்ள வச்சுப் பாக்கிறம், கூடினா ஏதாவது ஒண்டு வெளிய போகவேணும்.

இதில ஒண்டு சொல்ல வேணும், உனக்குத் தெரிஞ்ச ஆராவது போறது எண்டாச் சொல்லிவிடு. முதல் ஒரு இடத்தில விலை கேட்டனாங்க, சரியான மலிவாச் சொன்னவை, நாங்களும் ஓம் எண்டு சொல்ல இருந்தனாங்க. பிறகு இவர் துருவித் துருவிக் கேக்கேக்க தான் தெரிஞ்சது அது கொழும்பு துறைமுகத்தில கப்பல் ஏத்துற வரைக்கும் உள்ள காசு மட்டும் எண்டு. அங்க போய் இறங்கினாப்பிறகு துறைமுகக் காசு, பேப்பர் வேலைக்குக் காசு, குவாரன்டைன் ஆக்கள் வந்து பாக்கிறதுக்குக் காசு, வீட்ட கொண்டுவந்து தாறதுக்குக் காசு எண்டு அவ்வளவும் நாங்க தான் கட்ட வேணுமாம். ஒரு வார்த்தை முதலே சொல்லியிருக்கலாம் தானே. எனக்குச் சரியான கோவம், காசு சேத்துச் சேத்து வச்சு வெளிக்கிடுற சனத்துக்கு இப்பிடிச் செய்யக்கூடாது. பிறகு வேற ஒரு ஏஜென்ட், வீடு வரைக்கும் எல்லாம் சேத்து எழுத்தில தந்தவர், விலை கூடத்தான், ஆனா மனசு நிம்மதி. 6 தொடக்கம் 8 கிழமை பிடிக்கும் எண்டு சொன்னவர், அப்ப நவம்பரிலயே பெட்டி போகவேணும்.

இனி மண் கதை. ஆஸ்திரேலியாக்கு மண் ஒரு பொட்டும் போகக்கூடாதடி. சப்பாத்து அடியில, சைக்கிள் சில்லில, மண்வெட்டியில, பந்தில, எங்கயும் மண் ஒட்டியிருக்கக்கூடாது, விதை, இலை, பூச்சி ஒண்டும் கூடாது. கண்டா மறிச்சு வச்சு எங்கட காசில கழுவுவினம், இல்லாட்டி அழிப்பினம். தங்கட நாட்டு விவசாயத்துக்கு வெளியில இருந்து நோய் வந்திடும் எண்டு தான் இவ்வளவு கவனம், அது நியாயம் தான். மரச் சாமான் எண்டாலும் உளுத்துப்போகாம, பட்டை இல்லாம இருக்கவேணும், பனையோலை, பிரம்பு எல்லாம் எழுதிக் குடுக்கவேணும், அவை பாத்துத் தான் விடுவினம். பி 534 எண்டு ஒரு ஃபோம் இருக்கு, அதில எல்லாம் கேக்கிறாங்க, அதோட ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் என்ன இருக்கு எண்டு லிஸ்டும் எழுதவேணும். சும்மா கிச்சன் ஐட்டம் எண்டு போடேலாது, கரண்டி எத்தின, சட்டி எத்தின எண்டு போடச் சொன்னவர் ஏஜென்ட்.

அதால ஒரு மாசமா எங்கட கிணத்தடி தேய்ப்பும் கழுவலும் தான். கச்சான் காத்து அடிக்கேக்க கழுவினா ஒரு மணித்தியாலத்தில காயுது, மாரி துடங்கினா திருகோணமலையில ஒரு துணி காயாது எண்டு உனக்குத் தெரியும் தானே, ஈரத்தோட பெட்டி கட்டினா அங்க திறக்கேக்க பூஞ்சணம் தான் இருக்கும். சின்னவன்ர சைக்கிள பழைய டூத் பிரஷ்ஷால கம்பி கம்பியாத் தேச்சனான். அவன்ர சப்பாத்துக்குள்ள இருந்து டச் பே கடற்கரை மணல் கொட்டுது, எத்தின தரம் தட்டினாலும் தையலுக்குள்ள இருந்து வருது, ஊசி வச்சு ஒவ்வொரு மணியா எடுத்தன். எடுத்துக்கொண்டு இருக்கேக்க அழுகை வந்திட்டுது. நாங்க பிறந்து வளந்த மண்ண ஒரு பொட்டும் இல்லாமக் கழுவிப்போட்டுத் தான் போகலாம் எண்டா மனசு எப்பிடி இருக்கும் சொல்லு.

பனையோலைச் சுளகும் நீத்துப்பெட்டியும் கொண்டுபோகேல்ல, அது அங்க மறிபடும் எண்டு பயந்து கொண்டு இருக்கேலாது, அம்மா வச்சிருக்கட்டும். அப்பம்மாவின்ர குத்துவிளக்கும் நிக்குது. பழங்காலப் பொருள் எண்டா தொல்பொருள் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாம நாட்ட விட்டுக் கொண்டுபோகேலாது, அது எவ்வளவு பழசு எண்டு எங்களுக்கே தெரியாது, கொழும்புக்கு அலையிறதுக்கு அது சாமி அறையிலயே எரியிறது நல்லம். மிக்ஸி வருது, அங்கயும் இஞ்ச மாதிரி 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் தான், பிளக்க மட்டும் மாத்தினாக் காணும், அங்கத்தைய பிளக்கில முள்ளு சரிஞ்சு இருக்கும். கனடாக்குப் போன எங்கட மச்சாள் இஞ்சத்தைய கிரைண்டரக் கொண்டுபோய் அங்க 120 வோல்ட் எண்டு தெரியாம ஏமாந்தவ. மாமி புதுசா ஒரு கிரைண்டர் வாங்கித் தாறன் எண்டு நிண்டா, வேண்டாம் மாமி எண்டு சொன்னனான், 12 மாசத்துக்கு மேல நாங்க வச்சுப் பாவிச்ச சாமான் எண்டாத் தான் வரி இல்லாம விடுவினம், புதுசுக்கு வரி வரும். மாமிக்கு மனவருத்தம், ஆசையா வாங்கித் தர நினைச்சவ தானே.

சரி, இனி உண்மையா உனக்கு எழுத நினைச்ச விசயம்.

1990 ஜூனில சண்டை திரும்பத் துடங்கேக்க எனக்கு ஏழு வயசு. அப்பா வேலையால வந்து வாசலில நிண்டபடி வெளிக்கிடுங்கோ எண்டு சொன்னவர், அவ்வளவு தான். அம்மா ஒரு ஷொப்பிங் பேக்குக்குள்ள வீட்டு உறுதியையும் எங்கட பிறப்புச் சான்றிதழையும் வச்சா. நான் என்ர ஸ்கூல் பேக்குக்குள்ள கலர் பென்சில் பெட்டிய வச்சனான், அம்மா அத எடுத்து மேசையில வச்சிட்டு ரெண்டு சட்டையும் ஒரு போத்தில் தண்ணியும் வச்சா. கதவப் பூட்டினது எல்லாம் எனக்கு நல்ல ஞாபகம். ஏன் பூட்டினம் எண்டு தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு வரேக்க கூரையும் இல்ல, கதவும் இல்ல, கதவு நிலையும் இல்ல, கிணத்து வாளியும் இல்ல. அம்மி மட்டும் வேலியோரம் கிடந்தது. ஆரும் தூக்கேலாத பாரம். குழவிய அப்பா பத்தைக்குள்ள தேடி எடுத்தவர். அதில தான் அம்மா அண்டைக்குச் சம்பல் அரைச்சா, மூண்டு கல்லு வச்சு அடுப்பு மூட்டி. இப்ப இந்த வீட்டில உள்ள மற்ற எல்லாம் அதுக்குப் பிறகு ஒவ்வொண்டா வாங்கினது தான்.

அண்டைக்கு யோசிக்க நேரம் இல்ல. இப்ப நாலு மாசம் இருக்கு, லிஸ்ட் எழுதுறம், கோடு கீறி அளக்கிறம். ஆனா எனக்கு இது தான் கஷ்டமா இருக்கடி. அப்ப ஆரோ எங்கள விட வச்சது, இப்ப எத விடுறது எண்டு நானே கை காட்ட வேண்டிக் கிடக்கு. பழைய மேசையத் தம்பிக்கு எண்டு சொன்ன அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்ல.

அம்மியக் கொண்டுபோவம் எண்டு தான் நான் நிண்டனான். ஏஜென்ட்டக் கேட்டன், நீங்க எடுத்த இடத்துக்குள்ள அடங்கினாச் சரி, அந்தக் கல்லின்ர பாரத்துக்குத் தனிக் காசு இல்ல, மண் இல்லாமக் கழுவித் தாங்கோ, லிஸ்டில எழுதுவம் எண்டார். எனக்கு அவ்வளவு சந்தோசம், ஓடி வந்து அம்மாட்டச் சொன்னன். அம்மா ஒண்டும் சொல்லேல்ல. அடுத்த நாள் விடிய அவவே அம்மியக் கழுவிப்போட்டு, பிள்ளை இது இஞ்ச நிக்கட்டும் எண்டா. அண்டைக்கு நாங்க திரும்பி வரேக்க இது ஒண்டு தான் நிண்டது, நீ திரும்பி வரேக்கயும் ஏதாவது ஒண்டு நிக்கவேணும் தானே எண்டு சொன்னா. அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும் எண்டுவினம், நான் அதுக்குப் பிறகு ஒரு அடியும் அடிக்கேல்ல. லிஸ்டில இருந்து வெட்டிட்டன்.

அம்மா இந்த வீட்டிலயே தான் இருப்பா, தம்பி குடும்பம் வந்து இருக்கும், வீட்டுக்கு நொத்தாரிசிட்டப் போய் தம்பியின்ர பேரில அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அட்டோர்னி) எழுதியாச்சு. இவர் இ.பி.எஃப் சேமிப்புக் காசு எடுக்கிற வேலையில நிக்கிறார், நாட்ட விட்டு நிரந்தரமாப் போறது எண்டா எடுக்கலாம். பிள்ளையளின்ர கிளினிக் புத்தகம், ஊசி போட்ட விபரம் எல்லாம் கையில, அது கப்பல் பெட்டிக்குள்ள போகக்கூடாது, பள்ளிக்கூடத்தில சேக்கேக்கயே கேப்பினம். இவற்ற பிரஷர் குளிசை மூண்டு மாசத்துக்கு, டொக்டரின்ர இங்கிலிஷ் கடிதத்தோட. மெல்பேர்ன் ஜனவரியில எங்கள விட ஐஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலால வந்து ஆறரைக்கு ஃபோன எடுத்தா எனக்கு அங்க சாமம் பன்னிரண்டு. பரவாயில்ல, நான் முழிச்சிருப்பன்.

இனி நீ வாற கதை. பெட்டி கட்ட ஆக்கள் வாறது நவம்பர் ரெண்டாம் கிழமை, அதுக்கு முதல் ஒரு சனிக்கிழமை வா. முந்தி மாதிரி கிண்ணியாவில பாதைப் படகுக்குக் காத்துக்கொண்டு நிக்கத் தேவையில்ல தானே, வாகரை மூதூர் பக்கத்தால வந்தா பாலத்தால நேர வந்திடலாம். ராவைக்கு நிக்கிற மாதிரி வா, விடிய கோணேசர் கோயிலுக்குப் போவம், கோட்டை வாசலில மானுக்கு முன்னால நிண்டு ஒரு படம் எடுப்பம், எங்களிட்ட ரெண்டு பேரும் சேந்த படம் பத்தாம் வகுப்பில எடுத்தது மட்டும் தான் இருக்கு. அம்மா உனக்கு எண்டு சம்பல் அரைப்பா.

தையல் மெஷின் உனக்குத் தான். வேண்டாம் எண்டு சொல்லாத, மச்சாளும் கேட்டவ, நான் குடுக்கேல்ல. உன்ர கல்யாணச் சட்டைக்குக் கை வச்சுத் தைச்சது அதில தானே. எண்ணெய் விட்டு வச்சிருக்கிறன், பெல்ட் புதுசு. இவற்ற சிநேகிதர் ஒராள் அந்தக் கிழமை மட்டக்களப்புக்கு லொறி விடுறார், மேசையோட ஏத்தி விடலாம், நீ கையில ஒண்டும் தூக்கத் தேவையில்ல. பொபின் கேஸ தனியா ஒரு சீலைத் துண்டில சுத்தி இடப்பக்க லாச்சிக்குள்ள வச்சிருக்கிறன், அங்க போய்த் தேடாத.