வன்னிச் சனத்தின் மனவடு: உளநலத் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வடக்கு, கிழக்கில் உளநலத் திட்டங்களை வகுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும், அவற்றுக்குக் காசு கொடுக்கும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

போருக்குப் பிறகு வன்னியில் உளவளத்துணைப் பணி செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிட்டு எழும்புகிறீர்களா, நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா என்று கேட்டுப் புள்ளி போடுகின்றன உங்கள் படிவங்கள். கேள்விகளில் பிழையில்லை. ஆனால் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள், இந்தக் கேள்விகள் தேடும் பேரதிர்ச்சிக்குப் பின்னான மனவடு நோயைத் (PTSD) தங்கள் நோய்க் கையேட்டில் சேர்த்தபோது, வியட்நாமிலிருந்து ஊர் திரும்பிய படையினரின் துன்பமே அவர்கள் முன்னால் பெரிதாக நின்றது. அந்தப் படையினருக்குப் போர் ஓரிடம், வீடு ஓரிடம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த சனத்துக்கு ஊரே போர்க்களம். அங்கிருந்து மெனிக் பாம் அகதி முகாமின் முட்கம்பிக்குள் போனார்கள். திரும்பி வந்த பலருக்குப் பக்கத்துக் காணியில் இராணுவ முகாம். எங்கே போய் எதைத் தவிர்ப்பது?

கிளினிக்குக்கு வரும் அம்மா "மனம் சரியில்லை" என்று சொல்ல மாட்டார். தலையிடி, நெஞ்செரிவு, கை கால் உளைவு, "ஒரே யோசனை" என்பார். வரிசை நீளம் என்பதால் பனடோலும் வயிற்றெரிவுக் குளிசையும் கிடைக்கும். அடுத்த மாதமும் அதே அம்மா, அதே குளிசை. "என்ன யோசனை, அம்மா?" என்று யாராவது ஆறுதலாக இருந்து கேட்டால், கதை இராணுவத்திடம் கையளித்த மகனில் வந்து நிற்கும். உடம்பில் காற்று மேலேறுகிறது என்று கம்போடிய அகதிகள் சொல்வதை 2013இல் வந்த அமெரிக்கக் கையேடு பதிந்திருக்கிறது. எங்கள் அம்மாவின் நெஞ்செரிவுக்கும் உங்கள் படிவத்தில் ஒரு வரி வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில்தான் உங்கள் திட்டம் அதிகம் தடுமாறுகிறது. சைவக் குடும்பங்களில் ஒருவர் செத்தால் ஒப்பாரி, எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆட்டைத் திவசம். துக்கத்தைத் தொடங்கவும் மெல்ல இறக்கி வைக்கவும் நாள் குறித்து வைத்திருக்கிற சனம் நாங்கள். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் இதில் ஒன்றையும் தொடங்க முடியாது. பொட்டை அழித்தால் புருஷனைத் தானே சாகடித்த மாதிரி மனைவிக்கு இருக்கும். அழிக்காவிட்டால் ஊர்வாய் விடாது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி "இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கோ" என்ற இளம் உத்தியோகத்தரை நிமிர்ந்து பார்த்து, "அவர் செத்ததை நீ கண்டனியோ, பிள்ளை?" என்று கேட்டார் ஒரு மனைவி. அந்தப் பிள்ளை குறிப்பேட்டை மூடிவிட்டாள். அந்த மனைவியின் மறுப்பை நோய் அறிகுறி என்று எழுதாதீர்கள்.

காயம் குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது, அதைக் கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டாக எழுதி வந்திருக்கிறார். உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சியைக்கூட அவரவர் சமயத்தின் செபத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று காட்டியவர் அவர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில், காயத்தைச் சேர்ந்தே ஆற்றுவதை நான் கண்டேன். நீதி கேட்டு இருந்த இடத்திலேயே ஒருவரை ஒருவர் தாங்கினார்கள். தனி அறையில் வாய் திறக்காத பெண்கள் அந்தக் கொட்டகையில் கதைத்தார்கள், அழுதார்கள். 2024 மே மாதத்திலோ, போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகத் திருகோணமலையின் சம்பூரில் பெண்களைப் பொலிசார் கைது செய்தார்கள். சேர்ந்து அழுவதைத் தடுத்துவிட்டுத் தனித்தனியாகக் குளிசை கொடுப்பதில் என்ன சுகம் வரும்?

ஆகவே, அடுத்த திட்டத்தை எழுதுமுன் இந்தத் தாய்மாரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நிதி முடிந்ததும் போய்விடாத, அந்தந்த ஊர்ப் பெண்களைப் பயிற்றி நிரந்தர வேலை கொடுங்கள். நினைவுகூரலும் கஞ்சியும் இந்தச் சனத்தின் சுகத்துக்குத் தேவை என்று சுகாதாரத் துறையின் பெயரிலேயே பொலிசுக்கு எழுத்தில் கொடுங்கள், வருகிற மே மாதத்துக்கு முன்பே.

இப்படிக்கு,
வன்னியில் பணி செய்த ஓர் உளவளத்துணையாளர்